அக்கா நெய்த ஏரி

"கீழ் பார்டர்லருந்து மேல வாம்மா. பாடியில நின்னுடாத. அப்பிடியே முந்தி பக்கமா வா. கோரை முடியுது பாரு, அந்த எடம்."

என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைச் சொன்னவர் நெசவாளி இல்லை. நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற விவசாயி. அவர் சொன்னது சேலையைப் பற்றியும் இல்லை. எங்களுக்கு முன்னால் கிடந்த ஏரியைப் பற்றி.

தேசூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஏரி அது. பொங்கல் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. சாயந்தர வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. சேற்று நாற்றமும், எங்கேயோ வைக்கோல் எரிகிற வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். எனக்குப் பறவை ஒன்றும் தெரியவில்லை. காதில் விழுந்த பேச்சு மட்டும் தெரிந்தது.

அது என் அக்காவின் பேச்சு. அவள் உண்டாக்கிய பேச்சு. அவள் இல்லாமல் அது எப்படி இங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஆரணியில் பட்டு நெய்கிறவள். எட்டாவதோடு நின்றுவிட்டேன். நானும் என் அக்கா செல்வியும் ஒரே தறியில் நெய்தோம். பாடி ஒரு நிறம், பார்டர் வேறு நிறம் என்று வருகிற சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா வலது பக்கம் உட்கார்ந்து பாடியை ஓட்டுவாள். நான் இடது பக்கம் உட்கார்ந்து என் பக்கத்துப் பார்டருக்கு ஊடை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளுவேன். தோளும் தோளும் இடிக்கும். போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

போன வாரம் அவளுடைய சீப்பைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு அழுதோம் என்று நிறையப் பேர் சொல்லியிருந்தீர்கள். இந்த வாரம் யாரையும் அழவைக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கலாம்.

பத்து மணிக்குப் பாரு

அக்காவுக்குத் தலைவலி அடிக்கடி வரும். இழையைப் பார்த்துப் பார்த்து வருகிற வலி. மாத்திரை வாங்க பரீதா அக்காவின் மருந்துக்கடைக்குப் போவாள். ஒரு நாள் பரீதா அக்காவின் போனில் மீன்கொத்தி படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இந்த நீலத்துக்கு எங்கே சாயம் போட்டார்கள் என்று கேட்டிருக்கிறாள். நிஜமாகவே கேட்டாள். முதலாளி கொடுக்கிற நீலத்தில் அந்த மாதிரி வந்ததே இல்லை என்று அவளுக்கு ஒரு குறை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வந்தால் நேரிலேயே காட்டுகிறேன் என்று பரீதா அக்கா சொல்லிவிட்டார். அவ்வளவுதான் ஆரம்பம்.

அந்தக் கூட்டத்தில் மூன்று பேர்தான் எப்போதும் வருகிறவர்கள். பரீதா அக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் பார்க்கிற மோகன். தேசூர் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற ஜினதாஸ் அண்ணன். இவர்களோடு என் அக்கா நாலாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாளே வம்பு. பறவை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட அவர்கள் கடிகார முள் கணக்குச் சொல்வார்கள். நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று மணி, இப்படி. மோகன் அவளிடம், பத்து மணியில் ஒரு நாரை நிற்கிறது பார் என்றிருக்கிறான்.

"இப்ப ஆறரைதான் ஆவுது. பத்து மணி வரிக்கும் இங்கியே நின்னுகினு இருந்தா எங்க முதலாளி சும்மா வுடுவாரா?"

இதை வீட்டுக்கு வந்து அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தறியில் உட்கார்ந்தால்கூட நடு நடுவே சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு நாடா இரண்டு தடவை கீழே விழுந்தது.

கடிகாரக் கணக்கு கடைசி வரைக்கும் அவளுக்கு வரவில்லை. அதனால் அவள் தன் வழிக்கு ஏரியைக் கொண்டுவந்துவிட்டாள். நம் காலடியில் சேறும் தண்ணீரும் சேர்கிற இடம் கீழ் பார்டர். எதிரே பனைமரம் நிற்கிற பக்கம் மேல் பார்டர். நடுவில் கிடக்கிற தண்ணீர் முழுக்கப் பாடி. மதகு இருக்கிற பக்கம் முந்தி. தண்ணீருக்கு மேலே தெரிகிற அல்லிக் கூட்டம், பாறை எல்லாம் சேலையில் தெளித்த பூ மாதிரி, புட்டா. 'மேல் பார்டர், ரெண்டாவது புட்டாவுக்கு அந்தாண்ட, ஒரு வாத்து' என்பாள். பரீதா அக்காவும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஜினதாஸ் அண்ணன். மோகன் மட்டும் கடிகாரத்தை விடவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தான்.

எனக்கு இதெல்லாம் கேள்விதான். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் துணி துவைக்கிற நாள், தூங்குகிற நாள். அக்கா விடியும் முன்னே வாசல் கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்துவது மட்டும் தூக்கத்தில் கேட்கும்.

பார்த்தவர் கிளம்பக் கூடாது

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்தது இல்லை. ஒரு அபூர்வமான பறவையை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், கூட வந்த எல்லோரும் அதைப் பார்க்கும் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வெயில் ஏறினாலும் சரி, வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி. ஏற்கெனவே பார்த்தவர்கள் பைனாகுலரை இறக்கிவிட்டுப் பின்னால் போய்விடுவார்கள். பார்க்காதவருக்கு முன்னிடம்.

யார் பார்த்தார்கள், யார் இன்னும் பார்க்கவில்லை என்று கையைப் பார்த்தே தெரியுமாம். தேடுகிறவர் கை ஓயாமல் அசையும். கிடைத்த நொடியில் கை நின்றுவிடும். மூச்சுகூட நிற்கும். "நாடா சிக்கிகினா தறி நிக்குமே, அதுமாரி நிக்கும்" என்று அக்கா எனக்கு விளக்கினாள்.

இந்தப் பழக்கத்தால் அதிகம் கஷ்டப்பட்டவர்கள் என் அக்காவோடு போனவர்கள்தான். காரணம் மயில் உள்ளான்.

மயில் உள்ளான் சேற்றில் கோரைக்குள் ஒளிந்து வாழ்கிற பறவை. நம்ம பக்கத்து ஏரிகளில் எப்போதாவது ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. வந்தாலும் விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் கொஞ்ச நேரம் வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விடும். மற்ற மூன்று பேரும் அதை ஏதோ ஒரு காலத்தில் பார்த்திருந்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. மோகன் போனில் படம் காட்டியிருந்தான். அன்றைக்கு ராத்திரி சோறு தின்னும்போது அதே பேச்சு. கழுத்து முழுக்க அரக்காம். நாங்கள் பாடிக்குப் போடுகிற அதே அரக்காம். அந்த ஜாதியில் பெண்தான் நிறமாக இருக்குமாம். ஆண் மங்கலாக இருக்குமாம். முட்டை போட்டுவிட்டுப் பெண் கிளம்பிவிடுமாம். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண்தானாம்.

"அடுத்த ஜென்மத்துல நான் அதுதாம்மா" என்றாள் அக்கா.

"மொதல்ல இந்த ஜென்மத்துக்கு ஒரு மாப்பிள அமையட்டும்" என்றாள் அம்மா.

அக்காவுக்கு வந்த இடம் எல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்த சமயம். அவள் தட்டைக் கழுவப் போனாள். திரும்பி வந்து என் காதில் மட்டும், "மாப்பிளய வுடு, அந்தப் பறவ அமையட்டும்" என்றாள்.

அமையவில்லை. அவள் போகிற அன்றைக்கெல்லாம் அது ஒளிந்துகொண்டது. ஒரு தடவை வந்தவாசிப் பக்கத்து ஏரியில் விடியற்காலையில் ஜினதாஸ் அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். அக்கா திரும்புவதற்குள் அது கோரைக்குள் போய்விட்டது. பழக்கப்படி மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள். உச்சி வெயில் வந்துவிட்டது. அக்காவுக்கு ஒரே பேஜாராகிவிட்டது. என்னால் உங்கள் எல்லோருக்கும் வேலை கெடுகிறது, போகலாம் அண்ணா என்று சொல்லியிருக்கிறாள்.

"நீ பாக்காத பறவைய நாங்க பாத்து இன்னாம்மா பண்றது" என்றாராம் அவர்.

அவர் சமணர். எங்கள் பக்கத்தில் நயினார் என்போம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டார். அதனால் சாயந்தரம் ஏரிக்குப் போனால் மட்டும் சூரியன் இறங்குவதற்குள் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒன்றுக்கு மட்டும் அவருக்கு விலக்கு உண்டு. "அவரு ரூலெல்லாம் பொழுதோட முடிஞ்சிரும்" என்று அக்கா கேலி செய்வாள்.

டேமேஜ் சேலை

அக்கா போன பிறகு அந்த மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்போது நான் யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. வந்தவர்கள் முகம்கூட ஞாபகம் இல்லை.

பிறகு தை மாதத்தில் ஒரு நாள் பரீதா அக்கா போன் செய்தார். நான் தறியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தனியாக என்றால், வலது பக்கத்து இடத்தில் நான். இடது பக்கம் அம்மா. அம்மாவின் தோள் எனக்கு இடிக்காது. ஒதுங்கியே உட்காருவாள்.

ஜினதாஸ் அண்ணன் நிலத்துக்குப் பக்கத்து ஏரியில் மயில் உள்ளான் வந்திருக்கிறதாம். ஏரி வற்றிக்கொண்டு வருகிறதாம். தண்ணீர் குறைந்தால் அது கிளம்பிவிடும். அக்காவுக்குப் பதிலாக நீ வந்து பாரேன் என்றார்.

எனக்குப் பறவை ஆசை இல்லை. ஆனால் அக்கா கடைசி வரைக்கும் ஆசைப்பட்டு, பார்க்காமல் விட்ட ஒன்று இந்த ஊர்ப் பக்கத்தில் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் இன்னொரு தடவை அவளை விட்டுவிட்ட மாதிரி ஆகும் என்று தோன்றியது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். நெய்கிறவர்கள் வீட்டில் பட்டுச் சேலை இருக்காது. எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. பார்டர் சேர்கிற இடத்தில் நானும் அக்காவும் சேர்ந்து செய்த ஒரு தப்பால் முதலாளி வேண்டாமென்று தள்ளிய சேலை. கிளிப்பச்சைப் பாடி, மாம்பழ மஞ்சள் பார்டர். செல்விக்காகப் போகிறாய், நல்லபடியாக உடுத்திக்கொண்டு போ என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தலை நிறையப் பூ வேறு.

சேத்துப்பட்டில் இறங்கி, தேசூர் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மண் நிறம், காக்கி நிறம், அழுக்குப் பச்சை. பளிச்சென்று எது தெரிந்தாலும் பறவை போய்விடும் என்று அப்படி உடுத்துவார்களாம். நடுவில் நான் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நின்றேன்.

மோகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பரீதா அக்கா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய பழுப்புச் சால்வையை எடுத்து என் மேல் போர்த்தி, கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார்.

"ஏரிக் காத்து, கண்ணு. குளுரும்."

எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தச் சால்வை எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஒரு கோடு

அக்காவின் பைனாகுலரைக் கொண்டுபோயிருந்தேன். மோகன் தன்னுடைய பழையதை அவளுக்குக் கொடுத்திருந்தான். கண்ணில் வைத்தால் எனக்கு ஒரே மங்கல். மோகன் வாங்கிப் பார்த்தான். வலது கண் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கிறது. அவரவர் கண்ணுக்குத் தகுந்த மாதிரி அதைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டுமாம். அக்காவுக்கு வலது கண்ணில் பார்வை கொஞ்சம் கம்மி. அவள் கண்ணுக்கு வைத்த இடத்திலேயே அந்த வளையம் நின்றிருந்தது.

திருப்பினால் தெளிவாகிவிடும் என்று அவன் விரலை வைத்தான். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

என்னவென்று சொல்வது. அவள் விரல் கடைசியாக விட்ட இடம் அது. அவள் உலகத்தைப் பார்த்த அளவு அது. அதைத் திருப்பிவிட்டால் போய்விடும். இடது கண்ணால் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மோகன் சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு மார்க்கர் பேனா எடுத்தான். ரிப்பேருக்கு வருகிற போன்களில் பேர் எழுதுகிற பேனா.

"இங்க ஒரு கோடு போட்டுக்கறேன். எப்ப வேணுன்னாலும் செல்வி கண்ணுக்குத் திருப்பிக்கலாம். எங்கியும் போவாது."

வளையத்திலும் அதை ஒட்டின உடம்பிலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தான். மெல்லிசாக, வெள்ளையாக. அப்புறம்தான் நான் அதை என் கண்ணுக்குத் திருப்பினேன். கோடு இரண்டாகப் பிரிந்தது. ஏரி தெளிவாக வந்தது.

முந்தி பக்கம்

அப்படித்தான் நான் அங்கே நின்றேன். ஜினதாஸ் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கோரை ஓரத்தில் அது தெரிந்துவிட்டது. மற்ற இருவரும் பார்த்துவிட்டுப் பைனாகுலரை இறக்கிவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி.

கீழ் பார்டர். பாடி. முந்தி. கோரை முடிகிற இடம். சேறு, சேறு, ஒரு காய்ந்த தண்டு. தண்டுக்குப் பக்கத்தில் சேறே எழுந்து நடந்தது.

அரக்கு. நாங்கள் ஓட்டுகிற அதே அரக்கு. கண்ணைச் சுற்றி வெள்ளை, மை மாதிரி பின்னால் இழுத்துவிட்டிருந்தது. தோளில் ஒரு வெள்ளைப் பட்டை, மாராப்பை இழுத்துச் செருகின மாதிரி. நடந்து நடந்து நின்று, பின்பக்கத்தை மெதுவாக ஆட்டியது. அலகைச் சேற்றில் விட்டு எடுத்தது. யாருக்காகவும் அவசரப்படவில்லை.

"தெரியுதாம்மா?" என்றார் ஜினதாஸ் அண்ணன்.

"இல்லண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. தெரிகிறது என்று சொன்னால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பேச்சு நின்றுவிடும். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கீழ் பார்டரிலிருந்து மேலே வா. அவர் களைத்ததும் பரீதா அக்கா சொன்னார். ரெண்டாவது புட்டாவுக்கு இந்தாண்ட, கண்ணு, அவசரமில்ல. அப்புறம் மோகன். கடிகாரம் தவிர வேறு பேசாதிருந்த அந்த மோகன், முந்திக்கு நாலு விரல் முன்னாடி என்றான். நாலு விரல் என்பது அக்கா அளக்கிற அளவு.

நான் பறவையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மூன்று வாயிலிருந்தும் அக்கா வந்துகொண்டிருந்தாள். தறியில் அவள் என் தோளை இடித்துக்கொண்டு, மேலே வா, பார்டரைப் பாரு, தூங்காதடி என்று சொல்கிற மாதிரியே இருந்தது. பறவை கோரைக்குள் போனது. திரும்ப வந்தது. தண்ணீர் மஞ்சளாகி, சிவப்பாகி, சாம்பலானது.

பின்னால் ஏதோ டங்கென்றது. காற்றில் மோட்டார் பைக்கின் ஹேண்டிலில் தொங்கிய டிபன் கேரியர் வண்டியில் இடித்த சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜினதாஸ் அண்ணனுடைய வண்டி அது; பொழுதுக்குள் அங்கேயே சாப்பிட்டுவிடலாம் என்று அவர் கொண்டுவந்த சாப்பாடு. பனைமரத்துக்குப் பின்னால் சூரியன் இல்லை.

"பாத்துட்டேண்ணா" என்றேன்.

யாரும் எப்போது என்று கேட்கவில்லை. முதல் தடவை பார்க்கிறவரின் கையைப் பிடித்துக் குலுக்குவது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவராக வந்து குலுக்கினார்கள். ஜினதாஸ் அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை.

"செல்வி சொன்ன அரக்குதானே?"

"அதேதாண்ணா."

அவர் போய் டிபன் கேரியரைக் கழற்றி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். இனி தனக்கு உபயோகமில்லை, வீட்டில் கட்டிக் கொடுத்தது வீணாகக் கூடாது, பஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே போ என்றார். அது கனமாக இருந்தது. விடிகிற வரைக்கும் அவர் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

பஸ்ஸில் பரீதா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்துவந்தார். எலுமிச்சைச் சாதமும் வாழைக்காய் வறுவலும். அவர்தான் மூடியைத் திறந்து என் மடியில் வைத்தார். எனக்கு இறங்கவில்லை. என்னால்தானே அவர் பட்டினி என்றேன்.

"ஒன் கை எப்பவோ நின்னு போச்சு, கண்ணு" என்றார் பரீதா அக்கா. "அத மொதல்ல கவனிச்சவரே அவர்தான். பேசிகினே இருங்கன்னு எங்களுக்குக் கண்ணு காட்டினாரு."

நான் சாப்பிட்டேன். சேத்துப்பட்டு வருவதற்குள் முழுக்கச் சாப்பிட்டுவிட்டேன். அக்கா போன பிறகு அப்படி நான் சாப்பிட்டதே இல்லை.

டிபன் கேரியரைக் கழுவித் தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பைனாகுலரும் அங்கேதான். வீட்டுக்கு வந்ததும் வளையத்தைத் திருப்பி, பிரிந்த கோட்டை மறுபடி ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டேன்.

கேரியரை எப்போது கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று ஜினதாஸ் அண்ணனுக்கு நேற்று போன் செய்தேன். அதற்கு என்ன அவசரம் என்றார். ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதாம். பறவையும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வா என்றார்.

"ஆனா இந்த வாட்டி ஜல்தியா வாம்மா. பொழுதோட வந்தீன்னா எல்லாருமா சேந்து சாப்ட்டுட்டு, அப்பறமா நின்னு பேசிகினு இருக்கலாம்."